எங்கள் பேச்சையே பேச விடுங்கள்

இயக்குநர், தயாரிப்பாளர், வசனம் எழுதியவர் ஆகியோருக்கு,

வணக்கம். போன தை மாதம் கோத்தகிரி - மேட்டுப்பாளையம் சாலையில், குஞ்சப்பனைப் பக்கம் நான்கு நாள் படப்பிடிப்பு நடத்தினீர்கள். எந்தக் காட்சியைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். சென்னை தாதாவும் ஹாங்காங் கும்பலும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு வந்து, காட்டுக்குள் எங்கள் ஆட்களிடம் மாட்டிக்கொள்ளும் காட்சி. அதில் முன்வரிசையில், தலையில் கோழி இறகு செருகி நிற்பவர் என் அத்தை.

அன்று அத்தை கட்டிக்கொண்டு போனது பொங்கலுக்கு எடுத்த சுங்குடிச் சேலை. கேமரா முன்னால் நிற்கப்போகிறோம் என்று முதல்நாள் இரவே மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். 'இதெல்லாம் ஆகாது' என்று புலித்தோல் மாதிரி ஒரு துணியைக் கொடுத்தார்கள். அப்புறம் மேக்கப்காரர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'இன்னும் கறுப்பு வேணும்' என்று கரியும் எண்ணெயும் குழைத்துத் தோள் வரைக்கும் பூசினார். முப்பது வருடம் தேயிலை பறித்த கை அது. அந்தக் கறுப்பு உங்களுக்குப் போதவில்லை. மூன்று நாள் கரி போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. நான்தான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

என்ன பேச வேண்டும் என்று அத்தை கேட்டிருக்கிறார். 'வாய்க்கு வந்ததைக் கத்துங்க பாட்டி' என்றாராம் உதவி இயக்குநர். அந்தக் கத்தலுக்குத்தான் தியேட்டரே சிரித்தது. மேட்டுப்பாளையத்தில் அத்தையும் பேரனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். பேரன் ஏழாம் வகுப்பு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் அதே மாதிரி கத்திக்கொண்டு அவனைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஒரு வாரமாக வயிற்றுவலி என்று பாயைவிட்டு எழ மாட்டேன் என்கிறான். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நாங்கள் இருளர். எங்களுக்கும் ஒரு மொழி இருக்கிறது ஐயா. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973-லேயே அதற்கென்று தனி நூல் எழுதியிருக்கிறார். 2020-இல் வந்த ஒரு மலையாள அதிரடிப் படத்தில் அட்டப்பாடி நஞ்சியம்மா எங்கள் மொழியில்தான் பாடினார். 2022-இல் அறிவித்த தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகி அவர். பாட்டு புரியவில்லை என்று யாரும் எழுந்து போகவில்லையே.

ஹாங்காங் நடிகர் பேசும் கான்டனீஸ் பிசகக் கூடாது என்று தனியாக ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்ததாகப் பேட்டியில் சொன்னீர்கள். நல்ல காரியம். டீக்கடையில் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் இரண்டு பேரும் பேரம் பேசும் இடத்தில் அத்தையும் வாய்விட்டுச் சிரித்தார். கடல் தாண்டி இருக்கிற மொழிக்குக் கொடுத்த மரியாதை, நீங்கள் வண்டி நிறுத்திய இடத்து மொழிக்கு ஏன் கிடைக்கவில்லை? சொல்லிக்கொடுக்க வேண்டியவர் உடம்பெல்லாம் கரியோடு உங்கள் எதிரிலேயே நின்றாரே.

அதனால் கேட்கிறோம்: ஓடிடியில் வெளியிடும் முன், அந்தக் காட்சிக்கு எங்கள் பேச்சை வைத்து மறுபடி டப்பிங் செய்யுங்கள்.

எத்தனை வருடமாக இந்த மலைக்குச் சினிமா வருகிறது! படகு இல்லம், பைன் காடு, மலை ரயில் எல்லாம் அழகாக விழுந்துவிடும். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், படகர், 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள் என்று கூடலூரிலிருந்து கோத்தகிரி வரை எத்தனை சனம், எத்தனை பேச்சு. திரையில் மட்டும் எல்லாருக்கும் ஒரே ஈட்டி, ஒரே கூச்சல். கதாநாயகனைக் கட்டிப்போடுவது, கடைசியில் அவன் காலில் விழுவது, இதைவிட்டால் எங்களுக்கு வேலையே கிடையாதா? எங்கள் வீட்டுப் பெண் நர்ஸாக வரக் கூடாதா, போலீஸாக வரக் கூடாதா? ஏன், அந்த தாதாவாகவே வந்தால்தான் என்ன?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கூலியை அன்றைக்கே கொடுத்துவிட்டீர்கள், அதிலும் குறை இல்லை. அந்தக் காட்சியில் எங்கள் பேச்சு வர வேண்டும், அவ்வளவுதான். நடித்த பன்னிரண்டு பேரும் வந்து பேசத் தயார். என்ன சொல்வது என்று அத்தை யோசித்தே வைத்திருக்கிறார்: 'இந்தப் பக்கம் போகாதீங்க, யானை நிக்குது.' துப்பாக்கியோடு எந்த ஊர்க் கும்பல் ஓடிவந்தாலும் எங்கள் காட்டில் முதலில் சொல்வது அதைத்தான்.

காலை முதல் பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குள் கோவை வந்துவிடுவோம். தயவுசெய்து தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குஞ்சப்பனைப் பக்கத்து இருளர் வீட்டுப் பெண்