வேட்டைக்கத்தி செய்யப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய கத்தியைப் பார்த்தேன் கண்ணு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நீளம் அதிகம். தோலுரிக்கவும் இறைச்சியைப் பிரிக்கவும் 4 அங்குல அலகு தாராளம். முதுகில் வைத்திருக்கிறாயே அந்த ரம்பப் பல், அதையும் எடுத்துவிடு. பார்க்க மிடுக்கு, வேலையில் தொந்தரவு. போகிற இடமெல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இரும்புக்குப் பழைய அரம் ஒன்று போதும். நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு, எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்கிற அளவுக்கு அது இறுகாது. மலிவான அரங்களிலும் சில மேல்தோலில் மட்டும் கடினமானவை. நுனியில் ஒரு துண்டை உடைத்து, காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பார். சுத்தியலால் தட்டியதும் பட்டென்று உடைந்தால் சரியான இரும்பு. வளைந்தால் அந்த அரத்தை ஓரமாகப் போடு. தட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள், சில்லு தெறிக்கும்.

முதலில் அரத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்துவிடு. இரவு முழுக்க மெல்ல ஆறினால், ராவுவதற்கு இளகிக் கொடுக்கும். அப்புறம் உருவத்தை வெட்டி எடு. கூர் வரவேண்டிய விளிம்பில் மார்க்கர் பூசி, நடுவில் 1 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு கோடு கீறிக்கொள். இரு பக்கமும் அந்தக் கோடு வரை ராவினால் போதும். இப்போதே மெல்லிசாக்கினால் தோய்க்கும்போது அலகு கோணிவிடும். பிடிக்கான துளைகளையும் இந்தக் கட்டத்திலேயே போடு, பிறகு ட்ரில் இறங்காது. அரத்தின் பழைய பல் தடம் அலகில் எங்கும் மிஞ்சக்கூடாது. விரிசல் பெரும்பாலும் அப்படிப்பட்ட கீறலிலிருந்துதான் கிளம்பும். இந்த ராவுகிற வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். கை வலித்தால் நாளைக்கு வைத்துக்கொள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்தது தோய்ச்சல். கத்தி கத்தியாவது இங்கேதான். கண்ணை மட்டும் நம்பாதே. வெயிலில் சிவப்பு மங்கித் தெரியும், நிழலில் கூடித் தெரியும். பக்கத்தில் ஒரு காந்தம் வைத்துக்கொள். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி, அலகு முழுக்க ஒரே நிறம் வந்ததும் நுனியை முன்னே விட்டு எண்ணெயில் இறக்கு. மஞ்சளாகும்வரை காய்ச்சினால் இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பருத்துவிடும், கத்தி நொறுங்கும். சமையல் எண்ணெயே போதும், 50 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும். தண்ணீர் வேண்டாம், விரிசல் விட்டுவிடும். உள்ளே விட்ட பிறகு மேலும் கீழும் அசை, பக்கவாட்டில் ஆட்டாதே. உலோகப் பாத்திரம், அதற்கு ஒரு மூடி, திறந்தவெளி: இது மூன்றும் இல்லாமல் எண்ணெய்ப் பக்கம் போகக்கூடாது. எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போடு, தண்ணீர் ஊற்றாதே. உன் அம்மா இதை இரண்டு தடவை எழுதச் சொன்னாள்.

ஆறியதும் வேறொரு அரத்தை விளிம்பில் இழுத்துப் பார். கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் பிடித்துவிட்டது. ஆனால் அப்போது அது கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையும். அன்றைக்கே அலகைப் பளபளவென்று தேய்த்து, 200 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் வை. ஆறவிட்டு இன்னொரு 2 மணி நேரம். வைக்கோல் நிறம் வந்தால் பதம் சரி. பிறகு சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனை. விளிம்பு நீலமானால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

பிடிக்கு உனக்குப் பிடித்த மரம். எபாக்சி பசை, இரண்டு பித்தளைக் கம்பி, அவ்வளவுதான். ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கு. மரத்தூள் மார்புக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொள். பிடியைத் தேய்க்கிற நேரத்தில் அலகில் துணி சுற்றி டேப் ஒட்டி வை. கடைசியாகப் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில் கூர் தீட்டு.

தோல் உறை தைத்தால் அதிலேயே கத்தியை மாதக்கணக்கில் போட்டு வைக்காதே. தோல் ஈரம் இழுக்கும், இந்த இரும்பு சீக்கிரம் துரு பிடிக்கும். துடைத்து, எண்ணெய் தடவி, வெளியே வை.

பிடி ஒட்டுவதற்கு முன்னால் ஒரு படம் அனுப்பு. ஒட்டிய பிறகு நான் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்புடன்,
அப்பா