கேமரா வைத்தால் காப்பி நிற்குமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்த நேரம் இங்கே குறுவை நடவு, ஆள் கிடைக்காத திண்டாட்டம், அதான் பதில் தள்ளிப்போச்சு. தங்கச்சி மகளுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. அண்ணிக்கு முழங்கால் வலி பரவாயில்லையா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தொலைநிலைக் கல்விப் பிள்ளைகளை வீட்டிலிருந்தே எழுதவிட்டு கேமராவில் கண்காணித்தால் காப்பி நிற்குமா என்கிறாய். நிற்காதுடா. கேமராவுக்கு முகம்தான் தெரியும், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விடை சொல்லும் மச்சானைத் தெரியாது. தலைஞாயிறு பக்கம் நடுத்தேர்வில் நெட் போனால் ஒழுங்காக எழுதிய பிள்ளைதான் சந்தேகப் பட்டியலில் ஏறும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க, ஹால் டிக்கெட்டோடு ஆதாரையும் வைத்து முகம் பார்த்து உள்ளே விடும் தேர்வு மையமே மேல்.

ஆனால் எனக்குக் கவலை தேர்வு அறையைப் பற்றி இல்லை, அசைன்மென்டைப் பற்றி. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பெரும்பாலான பாடங்களுக்கு 30 சதவீத மதிப்பெண் அதற்குத்தான், அதை எழுதியே விற்க ஆள் இருக்கிறது. போன தடவை என்னிடம் திருத்த வந்த அசைன்மென்ட் கட்டில் பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து. எல்லாவற்றிலும் "மேலே உள்ள படத்தில் காட்டியபடி" என்று ஒரு வரி, மேலே படமே கிடையாது! ஒருத்தர் பழைய ஆளின் பதிவு எண்ணைக்கூட அழிக்கவில்லை.

கேள்வியை மாற்றாமல் இது தீராது. "பாசன மேலாண்மையின் நன்மைகளை விவரி" என்று கேட்டால் விற்கத்தான் செய்வார்கள். மேட்டூர் அணை திறந்து எத்தனை நாள் கழித்து உன் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது, முறை வைத்துத் தண்ணீர் விட்டார்களா, தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டுப் பார். திருவையாற்றுக்காரன் எழுதுவதை, கடைசியில் தண்ணீர் வரும் கடைமடைக்காரன் காப்பியடிக்க முடியாது. அப்புறம் ஐந்து நிமிடம் போனில் கூப்பிட்டு, எழுதியதிலிருந்தே இரண்டு கேள்வி. அப்படித்தான் ஒரு அம்மாவைக் கூப்பிட்டேன். விலைக்கு வாங்கியதுதான், உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் மதகு, வரப்பு, வடிகால் என்று வாயால் சொன்னாரே, அந்தக் கட்டு முழுக்க அப்படி ஒரு பதில் இல்லை. புத்தகத் தமிழில் எழுத வராது என்று பயந்துதான் காசு கொடுத்திருக்கிறார். இந்த மாதிரி ஆளைப் பறக்கும் படை விட்டுப் பிடித்து என்ன ஆகப்போகிறது? பேச்சுவழக்கில் எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று வினாத்தாளிலேயே போட்டுவிடு.

இன்னொன்று, தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜூனில் நடவு, டிசம்பரில் மழை வெள்ளம். எப்போது படிப்பார்கள்? இதை உங்கள் கூட்டத்தில் கேள், என் பெயரை இழுக்காதே.

உங்கள் பழைய வினாத்தாள் இரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, தீபாவளிக்கு நீ ஊருக்கு வருவதற்குள் திருத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
பாலு