மருத்துவமனைக் கட்டடத்தில் ‘80 சதவீதம் முடிந்தது’ என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்ட அரசு மருத்துவமனைகளின் விரிவாக்கப் பணி பற்றி எப்போது செய்தி வந்தாலும் ‘80 சதவீதம் முடிந்தது’, ‘90 சதவீதம் முடிந்தது’ என்ற வரி இருக்கும். இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்த தொகையை வைத்து வருவது. தளம் போட்டு, பூசி, டைல்ஸ் பதித்து, பெயின்ட் அடித்துவிட்டால் தொகையில் பெரும்பங்கு போய்விடும். மிச்சமிருக்கும் ஆக்சிஜன் குழாய், உயரழுத்த மின் இணைப்பு, லிப்ட், கழிவுநீர் சுத்திகரிப்பு ஆகியவை பணக்கணக்கில் சின்னவை, நாள் கணக்கில் பெரியவை. கட்டடம் பளபளவென்று நிற்க, கதவில் பூட்டுத் தொங்குவது இவற்றால்தான்.

ஆக்சிஜன் குழாயை எடுத்துக்கொள்வோம். எண்ணெய்ப்பசை நீக்கி, இரு முனையும் மூடி வரும் செம்புக் குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் மூட்டுகளை வெள்ளிக் கலவைக் கம்பியால் பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். ஓடவிடாமல் பற்றவைத்தால் மூட்டின் உள்பக்கம் கருகிச் செதில் செதிலாக நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாளைக்கு அந்தச் செதில் வென்டிலேட்டரின் வடிகட்டியில் போய் அடைக்கும். சோதனை எளியது: படுக்கைக்கு வாயு எடுக்கச் சுவரில் வைத்துள்ள ஒவ்வொரு வாயிலின் முன்னும் வெள்ளைத் துணியைப் பிடித்து வேகமாகக் காற்றைத் திறந்துவிட வேண்டும். துணியில் கறுப்புப் புள்ளி விழுந்தால் விழாமல் நிற்கும்வரை ஊதித் தள்ள வேண்டும். அதன் பின் அழுத்தத்தை ஏற்றி 24 மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கடைசியாகக் குறுக்கு இணைப்புச் சோதனை: ஒரு வாயுவின் குழாயில் மட்டும் அழுத்தம் கொடுத்து, மற்ற வாயுக்களின் எல்லா வாயில்களையும் திறந்து, எதிலும் காற்று வரவில்லை என்று உறுதி செய்வது. இதைச் செய்யாமல் ஆக்சிஜன் குழாயும் வேறு வாயுக் குழாயும் மாறிப்போனால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மாடிக்கு மாடி, படுக்கைக்குப் படுக்கை செய்யும்போது இதற்கே வாரக்கணக்கில் ஆகும். திறப்பு விழா தேதி குறித்துவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

குழாயின் அளவும் முக்கியம். அதிவேக ஆக்சிஜன் கருவி ஒன்று நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 86,400 லிட்டர். 7 கன மீட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் கணக்கில் ஒரே படுக்கைக்குப் பன்னிரண்டு சிலிண்டர். திரவ ஆக்சிஜன் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 860 லிட்டர் வாயு. ஆகவே 10 கிலோ லிட்டர் (10,000 லிட்டர்) திரவ ஆக்சிஜன் தொட்டி ஒன்று ஆயிரத்து இருநூறு சிலிண்டருக்குச் சமம். தொட்டி பெரியதாக இருந்து, அதிலிருந்து புதுக் கட்டடத்துக்குப் போகும் குழாய் பழைய அளவிலேயே இருந்தால் கடைசி வார்டில் அழுத்தம் விழும். தொட்டியின் கொள்ளளவு செய்தியில் வருகிறது. குழாயின் விட்டம் வருவதில்லை.

இந்த மாவட்டத்தில் மருத்துவமனைகள் வெற்று நிலத்தில் புதிதாக எழுந்தவை அல்ல. ஆசாரிபள்ளத்தில் காசநோய் மருத்துவமனை இருந்த வளாகத்தில் 2001-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. கோட்டாறில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இயங்கிய இடத்தில் இன்று ஆயுர்வேதக் கல்லூரி. தலைமை மருத்துவமனைப் பொறுப்பு தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் மருத்துவமனைக்குப் போனது. பழைய வளாகத்தில் புதிதாகக் கட்டும்போது வரைபடத்தில் இல்லாத சாக்கடையும் கேபிளும் மண்ணுக்குள் கிடக்கும். பொக்லைன் ஒரு கை வாரினால் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் தண்ணீர் வருவது நின்றுவிடும். அஸ்திவாரம் தோண்டுமுன் கையால் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பதற்கு ஒப்பந்தத்தில் தனியாகத் தொகை வைக்க வேண்டும். பழைய வார்டை எப்போது இடிப்பது என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். புது வார்டில் நோயாளி படுத்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். முதலில் இடித்துவிட்டால், இடைப்பட்ட காலம் முழுக்க தாழ்வாரத்தில் பாய்தான்.

தண்ணீர்க் கணக்கு: நூறு படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனைக்கு, படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. 200 படுக்கை கூடினால் தினமும் 90,000 லிட்டர். நாகர்கோவிலுக்குத் தண்ணீர் தரும் முக்கடல் அணை கோடையில் எப்படி இருக்கும் என்று ஊர் அறியும். இரண்டு நாள் தேவைக்காவது தரைத்தொட்டி வேண்டும். தீயணைப்புக்கான தண்ணீர் அதில் சேராது, அது தனி.

உள்ளே போகும் தண்ணீர் கழிவாக வெளியே வந்தாக வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் மோட்டார் போல சுவிட்சைப் போட்டதும் ஓடாது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். வேறு நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து விதைத்தால் சீக்கிரம் பிடிக்கும். பிறகு வார்டைக் கழுவும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அளவில்லாமல் அதே குழாயில் போனால் அத்தனையும் செத்து, தொட்டி நாறும். பழி கட்டியவர்மேல் விழும், தவறு வாளியில் இருக்கும். நிலையத்தை இயக்க ஆள் யார், சம்பளம் எந்தத் தலைப்பில் என்பது கட்டடத்தோடு சேர்த்தே முடிவாக வேண்டும்.

லிப்ட் பற்றி ஒன்று மட்டும். நோயாளி படுத்திருக்கும் ஐசியூ கட்டில், தள்ளும் இருவர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இவ்வளவும் ஒன்றாக நுழைய வேண்டும். ஆளேறும் லிப்ட் இரண்டு வைத்துவிட்டு ‘லிப்ட் வசதி உண்டு’ என்று சொல்வதில் பொருளில்லை. மின் ஆய்வாளரின் உரிமம் இல்லாமல் அதை ஓட்டவும் முடியாது. அதற்கான விண்ணப்பம் பெயின்ட் அடிக்கும் முன்பே போயிருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று இன்னொரு பாடு உண்டு. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்யும். குளச்சல், கன்னியாகுமரி போன்ற கரையோர மருத்துவமனைகளில் உப்புக் காற்று வேறு. கடற்கரைச் சூழலில் எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்கிறது. கம்பியைத் தட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தால் கம்பி தட்டிலேயே படுத்துவிடும். சில வருடங்களில் சீலிங் பெயர்ந்து விழும்போது காரணம் தேடுவார்கள்.

பொதுப்பணித்துறைக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் கோரிக்கை இது. பணி நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் புறநோயாளி வாசலில் பலகை ஒன்று வையுங்கள். மின் இணைப்பு, லிப்ட் உரிமம், ஆக்சிஜன் குழாய்ச் சோதனை, தீயணைப்புச் சான்று, சுத்திகரிப்பு நிலைய ஓட்டம், நியமிக்கப்பட்ட செவிலியர் எண்ணிக்கை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிந்த தேதியைப் போடுங்கள். முடியாததைக் காலியாக விடுங்கள். ஆனி, ஆடிச் சாரல் தொடங்குமுன் மொட்டை மாடியிலும் கழிவறையின் தாழ்தளங்களிலும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்து, அந்தத் தேதியையும் அதே பலகையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
தக்கலை.