10 மெகாஹெர்ட்ஸில் இந்திய நேரம் மீண்டும் ஒலிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நாடு முழுவதும் இந்திய நேரத்தையே சட்டபூர்வமாகப் பின்பற்றச் செய்வதற்கான வரைவு விதிகளை 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்டது. அந்த ஏற்பாட்டில் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிக்கும் இடமளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியுடன் 10 மெகாஹெர்ட்ஸில் நேரக்குறிப்புகளை ஒலிபரப்பி வந்தது. பின்னர் அது நிறுத்தப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் மாலை வேளையில் ரிசீவரை அங்கே திருப்பினால், சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து வரும் பி.பி.எம். என்ற நேர ஒலிபரப்பு நிலையத்தின் வினாடித் துடிப்புகளே கேட்கின்றன. சற்றுத் தள்ளி 9,996 கிலோஹெர்ட்ஸில் மாஸ்கோவின் ஆர்.டபிள்யூ.எம். நேர நிலையம் கேட்கும்.

இத்தகைய நிலையத்தின் பயன் கடிகாரத்தைச் சரிபார்ப்பதோடு முடிவதில்லை. அலையின் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துக் கேட்கும் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள ரிசீவரை மேல் பக்கப்பட்டையில் 9,999 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தினால், 10,000இல் வரும் ஊர்தி அலை (நிலையம் அனுப்பும் அடிப்படை அலை) 1,000 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்க வேண்டும். ஒலியின் அதிர்வெண்ணை அளக்கும் கைப்பேசிச் செயலி அதை 1,030 என்று காட்டுமானால், பெட்டி தான் காட்டும் எண்ணுக்கு 30 ஹெர்ட்ஸ் கீழே நிற்கிறது என்று பொருள். வானொலி அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் அசைவால் நேரும் மாற்றம் பொதுவாக ஒரு ஹெர்ட்ஸ் அளவுதான் என்பதால், விலையுயர்ந்த ஆய்வுக் கருவி எதுவுமின்றி ஒரு கல்லூரி மாணவர் தம் ரிசீவரை அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திவிட முடியும். அலை கடக்கும் தொலைவுக்கான தாமதத்தையும் கணக்கிட்டுக் கழிக்கலாம்: ஷான்சியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 13 மில்லி வினாடி, தில்லியிலிருந்து 6 மில்லி வினாடி.

செயற்கைக்கோள் வழி வரும் நேரம் இதைவிடப் பன்மடங்கு துல்லியமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சமிக்ஞை மிக மெலிதானது, எளிதில் முடக்கப்படக்கூடியது. அதற்கு மாற்றாக, முற்றிலும் வேறொரு வழியில் வந்து சேரும் நேரம் ஒன்று நம்மிடம் இருப்பது அவசியம். அமெரிக்காவில் டபிள்யூ.டபிள்யூ.வி. என்ற நேர ஒலிபரப்பு நிலையத்தை மூடும் யோசனை 2018இல் நிதிநிலைக் கோரிக்கையில் இடம்பெற்றபோது, பொழுதுபோக்காக வானொலித் தொடர்பில் ஈடுபடும் ஹாம் வானொலியாளர்கள் உள்ளிட்ட பலர் எதிர்த்தனர். அந்நிலையம் தப்பி, 2019இல் நூற்றாண்டும் கண்டது.

ஏ.டி.ஏ. ஒலிபரப்பை மீண்டும் தொடங்குவது குறித்து நுகர்வோர் விவகாரத் துறையும் தேசிய இயற்பியல் ஆய்வகமும் பரிசீலிக்க வேண்டும். 24 மணி நேரமும் இயலாவிடில், 10 மெகாஹெர்ட்ஸ் அலை தெற்கே தெளிவாக வந்தடையும் காலை, மாலை வேளைகளிலேனும் அது ஒலிக்கட்டும்.

இப்படிக்கு,
சிற்றலை நேயர் ஒருவர்,
மதுரை.