சந்தைத் தெருவுக்கு ஒரு டிப்பர் லாரி: எங்கள் உள்ளாட்சித் தலைவருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வார்டு கவுன்சிலர்களுக்கும்,

வணக்கம்.

நான் தமிழ்நாட்டுக்காரன். நைஜீரியாவின் ஓகுன் மாநிலத்தில், உங்கள் பொறுப்பில் இருக்கும் இந்தச் சிற்றூரில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்பு வேலை. முதல் இரண்டு வருடம் காம்பவுண்டுக்குள்ளேயே கழிந்தது. குடும்பம் வந்த பிறகு சந்தைக்குப் பின்தெருவில் வாடகை வீடு எடுத்தோம். அன்றிலிருந்து இந்தத் தெருச் சாக்கடை என் வீட்டுச் சாக்கடை, இந்தத் தெரு இருட்டு என் வீட்டு இருட்டு. எனக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனால் எல்லோரும் சிடிஏ என்று சொல்கிற பகுதி வளர்ச்சிச் சங்கத்தில் மாதச் சந்தா கட்டுகிறேன், கூட்டத்துக்கும் தவறாமல் போகிறேன். இந்த மடலை எழுதச் சொன்னதும் அந்தக் கூட்டம்தான்.

இதன் ஆங்கிலப் படியைச் சங்கத்தின் பேரில் உங்கள் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கியாயிற்று. தமிழிலும் எழுதக் காரணம், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் என் மொழிக்காரர்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடமும் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சாக்கடை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை ஊர் முழுக்கத் துப்புரவு. எண்பதுகளின் ராணுவ ஆட்சிக் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. எங்கள் தெருவில் யாரும் இதைத் தட்டிக்கழிப்பதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்குகிறார். வெல்டிங் பட்டறைப் பையன்கள் மண்வெட்டி கொண்டுவருகிறார்கள். தண்ணீர் பாக்கெட் கவர்களும் சேறும் பிணைந்து பாய் மாதிரி கெட்டித்துக் கிடக்கும். வெட்டி, அள்ளி, சாக்கடைக் கரையில் குவிப்போம். பத்து மணிக்குப் பார்த்தால் தெருவின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் குவியல், நடுவில் தண்ணீர் சலசலவென்று ஓடும்.

அந்தக் குவியலை எடுத்துப்போக யாரும் வருவதில்லை. ஒக்காடா என்கிற வாடகை பைக் ஓட்டுபவர்களின் டயர் ஏறி ஏறிக் கொஞ்சம் சரியும். ஆடுகள் கிளறும். இரண்டாவது வாரம் ஒரு மழை. அவ்வளவுதான், நாங்கள் அள்ளிய அத்தனையும் திரும்ப உள்ளே. அடுத்த கடைசிச் சனிக்கிழமை அதே சேற்றை அதே ஆட்கள் அள்ளுகிறோம். ஏழு வருடத்தில் இந்தச் சேறு எனக்கு முகம் தெரிந்த ஆள் போல ஆகிவிட்டது.

தெருமுனையில் அகாரா சுடும் அம்மா ஒருவர் இருக்கிறார். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் பொரிக்கும் அகாரா எங்கள் ஊர் வடைக்கு உடன்பிறப்பு; என் பிள்ளைகள் அதை வடை என்றே சொல்கிறார்கள். அந்த அம்மா விடிவதற்கு முன்பே கடை திறந்து, முதலில் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். மண்வெட்டியை எடுத்துத் தன் கடை முன்னால் இருக்கும் பத்தடிச் சாக்கடையைக் கிளறிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டுதான் மாவில் கை வைப்பார். வாசலில் மூன்று வரிசை மணல் மூட்டை. போன ஜூலை மழையில் அந்த மூட்டைகளையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. புதிதாக வாங்கிய காராமணி மூட்டை தரையில் இருந்தது. மறுநாள் காலை வீட்டுக் கூரைத் தகரம் ஒன்றைக் கழற்றிக் கீழே போட்டு, அதில் அந்தப் பயற்றைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். பாதி ஊறி உப்பியிருந்தது, மீதி நாற்றம். ஒவ்வொரு பிடியாக அள்ளி முகர்ந்து பார்த்துப் பார்த்து ஒதுக்கினார். சாயங்காலம், கடைகளிடம் தினமும் சந்தை டிக்கெட் கட்டணம் வசூலிக்கும் ஆள் வந்தபோது அன்றைய காசையும் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தலைவர் அவர்களே, அந்த டிக்கெட் காசு உங்கள் மன்றத்துக்கு வருகிறது. அதற்குப் பதிலாக அந்த அம்மாவுக்குக் கிடைப்பது என்ன?

நைஜீரிய அரசமைப்புச் சட்டத்தின் நான்காவது அட்டவணை உள்ளாட்சியின் வேலை இன்னது என்று எழுதியே வைத்திருக்கிறது. சந்தை, வண்டி நிலையம், பொதுக் கழிப்பறை, தெரு, தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றுவது. சிடிஏவின் வேலை என்று அதில் எதுவும் இல்லை. நாங்கள் மண்வெட்டியோடு இறங்குவது எங்கள் ஊர் என்பதால். அந்தச் சேற்றை அள்ளிக்கொண்டு போகும் லாரி உங்கள் கடமை. நாங்கள் கேட்பது மாதத்துக்கு ஒரு டிப்பர் லாரி, கடைசிச் சனிக்கிழமை பத்து மணிக்கு, அரை நாள். இதற்குப் புதிய திட்டம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம்.

பணம் இல்லை என்ற பதில் போன கூட்டத்தில் உங்கள் பிரதிநிதி வாயிலிருந்து வந்தது. அதை நான் பொய் என்று சொல்லவில்லை. மத்தியில் சேரும் வருவாயில் 52.68 விழுக்காடு மத்திய அரசுக்கும், 26.72 மாநிலங்களுக்கும், 20.60 விழுக்காடு நாடு முழுவதும் உள்ள 774 உள்ளாட்சிகளுக்கும் என்பது நடப்பில் உள்ள பங்கீடு. அந்த 20.60 பல வருடமாக மாநிலத்தின் கூட்டுக் கணக்கு வழியாகவே வந்தது. வழியில் எவ்வளவு கழிந்தது என்பது எங்களுக்கு மட்டுமல்ல, பல மன்றங்களுக்கே தெளிவாகத் தெரிந்ததில்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சம்பளம், சுகாதார நிலைய ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது என்பதும் தெரியும். 2024 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம், உள்ளாட்சியின் பணம் நேரடியாக உள்ளாட்சிக்கே போக வேண்டும், தேர்ந்தெடுக்கப்படாத பொறுப்புக் குழுக்களுக்குத் தரக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அன்று ராத்திரி எங்கள் தெருவில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். கால்பந்து ஆட்டத்துக்குக்கூட அப்படி நான் பார்த்ததில்லை. அதே வருடம் நவம்பரில் இங்கே தேர்தல் நடந்து நீங்கள் பதவிக்கு வந்தீர்கள். தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் எத்தனை இழுபறி என்பதைச் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால்தான் இரண்டாவது கோரிக்கை. மன்ற அலுவலக வாசலில் ஒரு பலகை வையுங்கள். இந்த மாதம் எவ்வளவு வந்தது, சம்பளத்துக்கு எவ்வளவு, கூட்டுக் கணக்கில் பிடித்தது எவ்வளவு, சந்தை டிக்கெட்டில் எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு. சாக்பீஸால் எழுதினால்கூடப் போதும். 2011 தகவல் அறியும் சட்டத்தின்படி எழுதிக் கேட்டால் 7 நாளில் பதில் தர வேண்டும். அது மாநிலங்களையும் உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் எங்களுக்கு உங்களோடு சட்டம் பேசி மல்லுக்கட்ட விருப்பமில்லை. மேலிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் அந்த எண்ணைப் பலகையில் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஊர் உங்கள் பக்கம் நின்று கேட்கும். எழுதாமல் வைத்தால் எல்லாச் சந்தேகமும் உங்கள் தலையில்தான் விழும்.

மின்சாரம் உங்கள் அதிகாரத்தில் இல்லை, தெரியும். என்றாலும் சொல்கிறேன். போன வருடம் மார்ச்சில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. இது என் தொழில் என்பதால் ஏன் எரிந்தது என்றும் சொல்ல முடியும். மூன்று ஃபேஸில் எதில் வோல்டேஜ் நன்றாக வருகிறதோ அதற்கு எல்லா வீடும் மாறிக்கொள்ளும். இரண்டு ஃபேஸ் சும்மா கிடக்கும், ஒன்று மட்டும் மொத்தச் சுமையையும் தாங்கும். மக்கள் மேல் குற்றமில்லை. ஃபிரிட்ஜில் மீன் வைத்திருப்பவர் வேறென்ன செய்வார்? சுமையைப் பிரித்துச் சமன்செய்ய மின் நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வந்து அரை நாள் வேலை பார்த்திருந்தால் அது எரிந்திருக்காது. எரிந்த பிறகு நாற்பத்து மூன்று நாள் இருட்டு. எழுபது வயதைத் தாண்டிய வீட்டுக்காரர் ஒருவர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு வீடுவீடாக ஏறினார், வீட்டுக்கு 15,000 நைரா. மூன்று தவணையில் கொடுத்தவர்களும் உண்டு. தையல் வேலை பார்க்கும் பெண் ஒருவர் தன் இரண்டு மிஷினில் ஒன்றை விற்றுக் கொடுத்தார். சுருளை மாற்றிக் கட்டி, திரும்ப ஏற்றி, மின்சாரம் வந்த ராத்திரி குழந்தைகள் 'அப் நேபா!' என்று கத்தியது அடுத்த தெருவரை கேட்டது. நேபா என்ற பழைய அரசு மின் நிறுவனம் போய் இருபது வருடமாகிறது. அந்தக் கூச்சல் மட்டும் போகவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர், கம்பம் போன்றவற்றை வாங்குவதோ பழுதுபார்ப்பதோ நுகர்வோரின் பொறுப்பு அல்ல என்று மின் ஒழுங்குமுறை ஆணையமே சொல்லியிருக்கிறது. இதை நாங்கள் மின் நிறுவன அலுவலகத்தில் சொன்னோம்; அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டு, 'காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்' என்றார். அன்று உங்கள் மன்றத்தின் முத்திரைத்தாளில் ஒரு கடிதம் எங்கள் கையில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும். அடுத்த முறை அந்தக் கடிதம் வேண்டும். பொதுமக்கள் போட்ட பணத்தை மின் கட்டணத்தில் கழிக்கவும் நீங்கள் முன்நின்று கேட்க வேண்டும்.

சுகாதார நிலையத்தைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. பிரசவ அறையில் நர்ஸ் கைபேசி வெளிச்சத்தில் வேலை பார்க்கிறார். பெட்ரோல் மானியம் 2023 மே மாதம் நின்றது. 200 நைராவுக்குள் விற்ற லிட்டர் அடுத்த வருடமே பல இடங்களில் 1,000 நைராவைத் தாண்டியது. அன்றிலிருந்து அங்கே இருக்கும் ஜெனரேட்டர் ஓடவே இல்லை. இரண்டு சோலார் பலகையும் ஒரு பேட்டரியும் போதும். மாட்டித் தருவதற்குக் கூலி வேண்டாம், நான் வருகிறேன்.

இனி என் மொழிக்காரர்களுக்கு.

நம் காம்பவுண்டுக்குள் போர்வெல் தண்ணீர், இருபத்து நான்கு மணி நேர ஜெனரேட்டர், சிமெண்ட் போட்ட ரோடு. கேட்டைத் தாண்டி இருபதடி தூரத்தில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் பாதி நம் கண்டெய்னர் லாரிகள் போட்டது. சந்தைத் தெருவின் மூலையில் சிறுபாலம் உடைந்ததும் அப்படித்தான். சுமை வண்டி குறுக்கு வழியில் திரும்பியது, பாலத்துப் பலகைக் கல் நொறுங்கிச் சாக்கடைக்குள் விழுந்தது. இன்னும் அங்கேதான் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அகாரா அம்மாவின் கடைக்குள் போன தண்ணீர் அந்த அடைப்பில் முட்டித் திரும்பிய தண்ணீர். 'இது இவர்கள் ஊர், கவர்ன்மெண்ட் பார்க்கட்டும்' என்று நாமும் கொஞ்சகாலம் பேசியிருக்கிறோம், நானும் பேசினேன். கவர்ன்மெண்டிடம் கேட்டால், பெரிய ரோடு மத்திய அரசுடையது, அதற்கடுத்தது மாநிலத்துடையது, தெரு மட்டும்தான் எங்களுடையது என்று மூன்று பக்கம் கை காட்டுகிறார்கள். இந்தப் பாலம் தெருவில் இருக்கிறது. உடைத்தது நம் வண்டி. ஜேசிபி நம்மிடம் இருக்கிறது. உங்கள் மேலாளரிடம் ஒரே ஒரு சனிக்கிழமைக்கு அதைக் கேட்டுப் பாருங்கள். என் நிறுவனத்தில் கேட்டிருக்கிறேன், டீசல் நாம் போட்டால் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். டீசலுக்குச் சங்கத்தில் பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது.

தலைவர் அவர்களே, இங்கே பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: இந்த நாட்டில் ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே ஓர் உள்ளாட்சி என்று. தண்ணீருக்குப் போர்வெல், வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர், காவலுக்கு ராத்திரிக் காவல்காரருக்குத் தெருவே சேர்ந்து கொடுக்கும் சம்பளம். பெருமையாகச் சொல்வது போலத்தான் தொடங்கும், சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு நோட்டு தூக்கிக்கொண்டு அலைந்த அந்தப் பெரியவர் இதைச் சொன்னபோது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய நோட்டில் ஒவ்வொரு வீட்டின் பேரும், தேதியும், கொடுத்த தொகையும், கொடுத்தவர் கையெழுத்தும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் செலவு, ரசீது ஒட்டி. மிச்சம் 4,200 நைரா, அதுவும் எழுதியிருக்கிறது. உங்கள் பலகைக்கு மாதிரி வேண்டுமென்றால் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறோம்.

வருகிற கடைசிச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, உடைந்த பாலத்திலிருந்து வேலை தொடங்குகிறோம். ஜேசிபி வரும். பத்து மணிக்குச் சேறு கரையில் ஏறியிருக்கும். லாரி அந்நேரத்துக்கு வந்தால் போதும். ஏற்றிவிட ஆட்கள் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
சந்தைப் பின்தெருவில் குடியிருக்கும் சங்க உறுப்பினன்