இருட்டும்வரை வீசியவர்கள்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோ சொல்லும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் சரியாகி, பேப்பரை மறுபடி அவரே படிக்கிறார்.

சரி, உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு மாதமாக ஒரே ஆட்டத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். 1942 மே 24, டோக்கியோவின் கொராகுவென் மைதானம். ஜப்பான் தொழில்முறை லீக்கில் நகோயாவும் தையோவும் மோதின. சீசன் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்க விமானங்கள் டோக்கியோவில் முதன்முதலாகக் குண்டு போட்டது அதற்கு முந்தின மாதம்தான்.

பேஸ்பாலில் வழக்கமாக 9 இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒருமுறை பேட் பிடிக்கும். தையோ 4-2 என்று முன்னால் இருந்தது. 9-ஆவதில் நகோயாவின் புருகாவா செய்ஸோ அடித்த, நம் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன்னில் இரண்டு ரன் வந்து 4-4 ஆகிவிட்டது. சமமாக நின்றால் யாராவது முந்தும்வரை இன்னிங்ஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 28 வரை போனார்கள். அப்புறம் வெளிச்சம் போய்விட்டது. டிரா.

அந்த ஸ்கோரை நோட்டில் என் கையாலேயே எழுதிப் பார்த்தேன். 10 முதல் 28 வரை பூஜ்ஜியம், மேலே பத்தொன்பது, கீழே பத்தொன்பது. பக்கத்தின் ஓரம் வந்து, அடுத்த பக்கத்துக்கும் போக வேண்டியிருந்தது.

பந்து வீசியவர்கள் நகோயாவுக்கு நிஷிஸாவா மிச்சியோ, தையோவுக்கு நொகுச்சி ஜிரோ. கடைசிவரை இருவரும் பந்தை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஆட்டம் நடந்தது 3 மணி நேரம் 47 நிமிடம். அதில் நிஷிஸாவா 311 பந்து, நொகுச்சி 344. நம் கணக்கில் 57 ஓவருக்கு மேல்! அமெரிக்காவில் 1920 மே 1 அன்று புரூக்ளினும் பாஸ்டனும் 26 இன்னிங்ஸ் ஆடி 1-1 என்று முடித்ததில்கூட இரண்டு பிட்சர்களும், அதாவது பந்து வீசுபவர்களும், மாறவில்லை. இவர்கள் அதையும் தாண்டிவிட்டார்கள்.

உன் ஞாபகம்தான் வந்தது. பள்ளி மைதானத்தில் ஒருநாள் மதியம் முழுக்க ஒரே முனையிலிருந்து வீசினாயே. ராத்திரி சோறு பிசையக் கை எழவில்லை, உங்கம்மா ஊட்டிவிட்டார்கள். அது எத்தனை ஓவர் இருக்கும், இருபதா?

நிஷிஸாவாவுக்கு அப்போது இருபது வயது, நொகுச்சிக்கு இருபத்திரண்டு. நொகுச்சி அந்த வருஷம் மட்டும் 40 ஆட்டம் ஜெயித்தார். நிஷிஸாவா போருக்குப் பிறகு பேட்டைப் பிடித்து, 1952-இல் தன் லீக்கிலேயே அதிக பேட்டிங் சராசரி எடுத்தவர் ஆனார். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏனென்றால் அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. பெரிய பிட்சர் சவாமுரா எய்ஜி 1944 டிசம்பரில் போரில் இறந்தார். அப்படிப் போன ஆட்டக்காரர்களுக்கு டோக்கியோ டோம் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

டிராவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை எனக்குப் புரியவில்லை. அந்தச் சாயங்காலம் யாரும் தோற்காமல் வீட்டுக்குப் போனார்கள், மூர்த்தி.

தீபாவளிக்கு வருகிறேன். அந்த நோட்டையும் எடுத்து வருகிறேன்.

உன்,
சிவா