எந்த இனத்துக்கு எத்தனை மணி? முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

நாட்டு நாய்கள் சங்கமம் நடத்தும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

பங்குனியில் நடக்கவிருக்கும் சங்கமத்துக்கான உங்கள் நோட்டீஸ் கைக்கு வந்தது. மேலே ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நாலு நாட்டு இன நாய்களின் படம். அதற்குக் கீழே சிறப்பு விருந்தினர்கள். கடைசி வரியில், "நாய்களுடன் அனைவரும் காலை 7 மணிக்குள் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும்." போன முறையும் இதே வரிதான் இருந்தது. அன்றைக்கு என்ன ஆனது என்று உங்களுக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மறுபடி அதே வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எந்த இனத்தை எத்தனை மணிக்கு ரிங்குக்கு, அதாவது நடுவர் நாயைப் பார்த்து மார்க் போடுகிற களத்துக்கு, கூப்பிடுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். நான் கேட்க வந்தது இது ஒன்றுதான்.

மேடையில் இருந்து பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவனுக்கு முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து எல்லாமே அந்த நேரத்தைப் பொறுத்துத்தான். நான் மூலனூர்ப் பக்கத்துக்காரன். வீட்டில் ஒரு சிப்பிப்பாறைக் கடுவனும் ஒரு கன்னிப் பெட்டையும் இருக்கின்றன. சங்கமம் என்றால் ரெண்டு வாரம் முன்னாலேயே வேலை தொடங்கிவிடும். நகம் வெட்டணும். காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்க்கணும். ஒரு நாய் உண்ணியோடு வந்தால் மைதானத்தில் இருக்கிற அத்தனை நாய்க்கும் அது ஏறும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி காலாவதி ஆகவில்லையே என்று புத்தகத்தைப் பார்க்கணும், கால்நடை மருத்துவரிடம் போய் உடல்தகுதிச் சான்று வாங்கணும். பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டால் அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வரணும். இதெல்லாம் எங்கள் வேலை, குறை சொல்லவில்லை. சந்தோசமாகத்தான் செய்கிறோம்.

மூட்டை கட்டுவதும் அப்படித்தான். தண்ணியை வீட்டிலிருந்தே 20 லிட்டர் கேனில் பிடித்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் போர்த் தண்ணியின் உப்பு மாறும், பழகாத தண்ணியைக் குடித்தால் சில நாய்களுக்கு வயிறு கெட்டுவிடும். ரெண்டு அலுமினிய வட்டில், நனைத்து விரிக்க நாலு சாக்கு, நிழலுக்கு ஒரு தார்ப்பாய், கட்டக் கயிறு, மாற்றுச் சங்கிலி, பஞ்சு, மஞ்சள் தூள், ஒரு பழைய துண்டு. சான்றிதழ்களை ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரைவர் சீட்டுக்கு மேலே சொருகிவைப்போம். சாப்பாடு மட்டும் கணக்கில் வராமல் நிற்கும்.

ஏன் என்று சொல்கிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் நெஞ்சு ஆழமாக, வயிறு ஒட்டி இருக்கிற நாய்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்கிற ஆபத்து இந்த உடல்வாகுக்கு அதிகம். முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் நாய் போய்விடும். அதனால்தான் ரிங்குக்கு முன்னால் வயிற்றைக் காலியாக வைக்கிறோம். காலை 9 மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று தெரிந்தால் முதல் நாள் பொழுது சாயச் சோறு வைத்து, விடியக் காலையில் வெறும் தண்ணியோடு கிளப்பி, 10 மணிக்கு ரிங்கை விட்டு வெளியே வந்ததும் சோறு வைக்கலாம். மத்தியானம் 2 மணி என்று தெரிந்தால் காலையில் வண்டியை ஓரங்கட்டி, கொஞ்சம் தயிர்ச்சோறு பிசைந்து வைத்து, அதுபாட்டுக்குப் படுத்திருக்க விடலாம். ரெண்டுமே நல்ல வழிதான். எது என்று தெரியாமல் இருப்பதுதான் கொடுமை. "7 மணிக்குள் வந்துவிடுங்கள்" என்ற ஒரு வரியை நம்பிப் பட்டினி போட்டுக் கூட்டிக்கொண்டு வந்த நாய்களை நீங்கள் மத்தியானம் இரண்டரை மணிக்குக் கூப்பிட்டீர்கள்.

மைதானத்தில் நிழல் இல்லை என்று சொல்ல வரவில்லை. நிழல் இருந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டோரம் வரிசையாகப் புளியமரங்கள் நின்றன. அங்கே போய்க் கட்டியிருந்தால் ஒரு நாய்க்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எங்களைப் போக விடாதது உங்கள் மைக்தான். "அடுத்தது உங்க இனம்தான், யாரும் நகராதீங்க" என்ற அறிவிப்பு காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. திறப்பு விழாவுக்கு முன்னால் வந்தது, பொன்னாடை போர்த்தும்போது வந்தது, சிறப்புரை முடிந்து இன்னொரு சிறப்புரை தொடங்கும்போதும் வந்தது. நகர்ந்தால் பேர் விட்டுப்போகும் என்று அத்தனை பேரும் வெட்ட வெளியில் நின்றோம்.

அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் நின்றவர் வெள்ளகோயில் பக்கத்து ஆட்டுக்காரர். எழுபதை ஒட்டிய வயசு இருக்கும். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர், பட்டிக்குக் காவல் இருக்கிற கன்னிப் பெட்டையைச் சொந்தக்காரர் ஒருவரின் டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பரிசுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. "நம்ம நாயி நல்ல சாதிதானான்னு தெரிஞ்சவிங்க ஒருக்காப் பார்த்துச் சொல்லட்டும்னுதானுங்க வந்தேன்" என்றார். உச்சிவெயில் ஏறும்போது உங்கள் தன்னார்வலர் பையன் ஒருவனைப் பிடித்து, "ஏனுங் கண்ணு, இப்பக் கூப்புடுவாங்களா? இல்லீன்னா அந்த மரத்தடீல கட்டிப்போட்டு வந்தர்ட்டுங்களா?" என்று கேட்டார். "இன்னும் பத்து நிமிசம்ங்க அப்புச்சி" என்றான். பையன் மேல் தப்பில்லை, அவனுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அதே பத்து நிமிசம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்தப் பெட்டையின் நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து அகலமாகிவிட்டது. எச்சில் கெட்டியாகி நூல் நூலாக இறங்கியது. ஈறு செங்கல் நிறத்துக்குப் போனது. அப்புறம் முன்னங்கால் ரெண்டையும் பரப்பிக்கொண்டு நின்றது, படுக்கவும் தெரியாமல் நடக்கவும் முடியாமல். பெரியவர் தோளில் கிடந்த துண்டை நனைத்து அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்தார். என் கேனில் இருந்த தண்ணியைப் பாதத்திலும் தொடை இடுக்கிலும் ஊற்றினோம். காலையில் கேட்டில் சான்றிதழ் பார்த்த மருத்துவர் திறப்பு விழா முடிந்ததும் கிளம்பிவிட்டார் என்றார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த இன்னொரு கால்நடை மருத்துவர்தான் ஓடிவந்து வெப்பமானி வைத்துப் பார்த்தார். 105 டிகிரியைத் தாண்டியிருந்தது. நல்ல நாய்க்கு 101லிருந்து 102.5க்குள் இருக்கணும். ஆளாளுக்கு விசிறி, நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய், சூடு இறங்கி அது எழுந்து நிற்கும்போது மைக்கில் கன்னி இனத்தைக் கூப்பிட்டார்கள்.

அவர் போகவில்லை. பொழுது சாயறதுக்குள்ள பட்டி அடைக்கணும் என்று நாயைச் சாக்கில் படுக்கவைத்து வண்டி ஏறிவிட்டார். அவர் கேட்க வந்ததற்குக் கடைசி வரைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

என் கடுவன் ரிங்குக்குள் போனது. வால் தொங்கிவிட்டது, நடையில் உயிர் இல்லை. நடுவர் பல்லைப் பார்த்தார், உயரத்தை அளந்தார், ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டத்துக்கென்றே வளர்ந்த இனத்தை ஓட முடியாத நிலையில் நிறுத்தி எதைப் பார்த்து மார்க் போடுவது? பரிசு கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில் கேட்கவில்லை. நாயின் நடையைப் பார்க்கத்தான் இந்தச் சங்கமமே என்றால், நடை இருக்கும்போது பார்க்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

நாய்களைக் கொண்டுபோவதற்கு 1978ஆம் வருசமே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. விலங்குகள் போக்குவரத்து விதிகள் என்று பேர். கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரமாவது முன்னால் தீனியும் தண்ணியும் கொடுத்திருக்கணும், தொலைதூரப் பயணம் என்றால் கோடையில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணி காட்டணும், குட்டிகளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி வைக்கணும் என்கிறது. வண்டியில் போகிற நாய்க்கே இவ்வளவு கவனம் கேட்கிறது சட்டம். வெயிலில் நிறுத்திவைத்த நாய்க்கு நாம் அதைவிடக் குறைவாகவா செய்வது?

மேடையில் அன்றைக்கு நாட்டு நாய்களின் பெருமையை நிறையப் பேசினார்கள். 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது, 2020இல் பிரதமரே வானொலியில் நம் நாய்களின் பேரைச் சொன்னார் என்றெல்லாம் சொன்னார்கள். உண்மைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் இந்தப் பேச்சுக்கெல்லாம் அப்புறம் ஏறியது குட்டிகளின் விலை. வாங்கி ரெண்டு மாசம் படம் பிடித்துப் போட்டுவிட்டு, வளர்ந்ததும் ஓட இடமில்லை என்று கொண்டுவந்து ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறோம். காங்கயம், வெள்ளகோயில் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறி, செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு ஆட்டுக்காரர்கள் நியாயம் கேட்டதும் நடந்தது. பட்டிக்கு நல்ல காவல் நாய் வேண்டும் என்று இந்த மேடைகளில் யாராவது பேசினார்களா? நாயை வைத்துப் பிழைப்பவர் ரயிலில் கொண்டுவரணும் என்றால் கார்டு வண்டியில் இருக்கிற கூண்டு, இல்லாவிட்டால் ஏசி முதல் வகுப்பில் தனி அறை என்கிற நிலைமை. பஸ் என்றால் கண்டக்டர் மனசு வைக்கணும். வேன் பிடிக்க வசதி உள்ளவர்கள் மட்டும்தான் வர முடிகிறது. இந்தச் சங்கமங்கள் யாருக்காக நடக்கின்றன என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாகவே இருக்கிறது.

சரி, இதையெல்லாம் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. கைக்காசு போட்டு, வேலையை விட்டுவிட்டு, பந்தல்காரனிடமும் சவுண்டு சர்வீஸ்காரனிடமும் மல்லுக்கட்டி இதை நடத்துகிறீர்கள் என்று தெரியும். நீங்கள் நடத்தாவிட்டால் இந்தப் பக்கத்தில் நாலு நல்ல நாயை ஒரே இடத்தில் பார்க்க முடியாது. அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன்.

நேரப் பட்டியல் போடுவது புது விஷயம் ஒன்றும் இல்லை. நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப்பின் அங்கீகாரத்தோடு நடக்கிற கண்காட்சிகளில் எந்த ரிங்கில் எந்த இனம் எத்தனை மணிக்கு என்று போடுவது வழக்கம்தான். பதிவு முடிந்ததும் எந்த இனத்தில் எத்தனை நாய் என்று உங்கள் கையில் கணக்கு வந்துவிடும். ராஜபாளையத்தை முதலில் வையுங்கள். வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல், மூக்கும் அதே நிறம், வெயில் பட்டால் வெந்துவிடும். அந்த நாய்களைக் கூட்டிக்கொண்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் ராத்திரியே கிளம்பியிருப்பார்கள், காலையில் முடிந்தால் வெயிலுக்கு முன்னால் திரும்பிப் போகலாம். கடைசியில் வருகிற இனத்தை 7 மணிக்கு வரச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் போதும். சான்றிதழ் பார்ப்பதையும் அதே மாதிரி பிரித்துவிட்டால் கேட்டில் கூட்டமும் இருக்காது. திறப்பு விழாவையும் மரியாதை செய்வதையும் மத்தியானம் நாய்கள் நிழலில் படுத்திருக்கும்போது வைத்துக்கொண்டால் விருந்தினர்கள் யாரும் கோவித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஏதாவது காரணத்தால் நேரம் தள்ளிப்போனால் "பத்து நிமிசம்" என்று சொல்லாமல் "ஒன்றரை மணி நேரம் ஆகும், போய் நிழலில் கட்டுங்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் காத்திருப்போம். மரத்தடியில் காத்திருப்போம், அவ்வளவுதான்.

கடைசி நாய் ரிங்கை விட்டு வெளியே வரும்வரை ஒரு கால்நடை மருத்துவர் மைதானத்தில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். பங்குனி வெயிலில் ஈரோட்டுப் பக்கம் 100 டிகிரி தாண்டுவது சாதாரணம். கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் பத்து நிமிசத்திலேயே 10 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு ஏறும். அதையும் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள், புதிதாக வருகிற பையன்களுக்குத் தெரிவதில்லை.

சங்கமத்துக்கு ஒரு வாரம் முன்னாலாவது இனவாரி நேரத்தை எல்லோருக்கும் தெரியப்படுத்திவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வண்டி பேசணும், சான்று வாங்கணும், பட்டிக்கு மாற்று ஆள் பார்க்கணும், நாய்க்கு எப்போது சோறு வைப்பது என்று முடிவு செய்யணும். வெள்ளகோயில் பெரியவரிடம் பேசினேன். நேரம் எத்தனை மணி என்று தெரிந்தால் வருகிறேன் என்றார். உங்களிடமிருந்து வரும் பதிலை அவரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூலனூர்ப் பக்கத்து நாய் வளர்ப்பவன்